சுழன்று நிற்கும் வரை

ஒன்பதுக்கு வந்து ஒன்றுக்குப் போகும்,
ஐந்துக்குத் திரும்பும் என்கிறது மின்சாரப் பட்டியல்.
பட்டியலை நம்பியவர்களின் வட்டுகள்
கோ மின் ஸோவின் மேசையில்
திருகாணி கழன்று கிடக்கின்றன.
"ஓடி ஓடிச் செத்தது குறைவு" என்றார் அவர்.
"ஓடும்போது கரண்டு போய்ச் செத்ததுதான் இவ்வளவும்."

அதனால் வட்டுக்கென்று ஒரு பேட்டரி.
விசிறிக்குக் கிடையாது. எனக்கும் கிடையாது.
நான் வியர்த்து வடிய, அது நிம்மதியாகச் சுற்றும்.

யாங்கோன் மழையில் சுவரில்கூடக் காளான் முளைக்கும்.
செருப்புப் பெட்டியில், மாத்திரைப் புட்டியில் வரும்
தின்னாதே என்று எழுதிய பொட்டலங்களை
மா த்வே சேர்த்துத் தருவாள்.
பிஸ்கட் டின்னுக்குள் அவற்றின் நடுவில் வட்டு.
அரிசியில் புதைத்து வை என்ற மச்சானோடு
அரிசித் தூசியைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை.

அச்சு இயந்திரம் நடுங்கும் மேசையில் வைக்கக் கூடாது.
ஓடும்போது நகர்த்தக் கூடாது.
சும்மாவே கிடந்தாலும் ஒட்டிக்கொள்ளும்:
மாதம் ஒருமுறை எழுப்பி, ஓடவிட்டு,
பிடுங்குமுன் காதை வைத்துக் கேட்க வேண்டும்.
முனகல் இறங்கும், இன்னும் இறங்கும்,
கடைசியில் சின்னதாக ஒரு டக்.
முள் தன் இடத்தில் படுத்துவிட்டது. இனி எடுக்கலாம்.

உள்ளே இருப்பது முகங்கள்.
பதினாறு வருடக் கடவுச்சீட்டுப் படங்கள்.
இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல்,
மலேசியா போனவர்கள், கொரியா போனவர்கள்,
படம் எடுத்துவிட்டு எங்கும் போகாதவர்கள்,
மூன்று தடவையும் கண்ணை மூடிய தாட்டோன் ரெபேக்கா.
நள்ளிரவில் செய்தி வரும்:
அண்ணே, அந்தப் பழைய படம் இருக்கா?
இருக்கு.
அந்த ஒரு சொல்லை விற்றுத்தான் சோறு.

செவ்வாய்க்கிழமை, நாலு மணி.
எதிர்க் கட்டட ஐந்தாம் மாடி ராக்கம்மா,
அடையாள அட்டையில் டோ மியா,
படி இறங்க மாட்டாதவள், போனில் கேட்டாள்:
"மாரிமுத்து படம் இருக்கா?"
இருக்கு என்றேன் வழக்கம்போல.
"பெரிசாப் போட்டுக் குடு."
எவ்வளவு பெரிசு?
"மாலை போடுற அளவு."

டின்னைத் திறந்தேன்.
டக். டக். டக்.
இது படுக்கும் சத்தமில்லை, எழ முடியாத சத்தம்.
பிடுங்கி, எண்ணிப் பத்து வரை பொறுத்து, மறுபடி செருகினேன்.
சுற்றியது.
வந்தான், இரண்டு காதும் தெரிய,
என் கடைக் கோட்டைப் போட்டுக்கொண்டு.
கோட்டு இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

பேட்டரி வட்டையும் அச்சையும் சேர்த்துத் தாங்காது.
படத்தைக் கணினியில் இறக்கிவிட்டு
வட்டை நிறுத்தச் சொன்னேன்.
முனகல் இறங்கிக்கொண்டிருந்தது.
எதிரே ஐந்தாம் மாடியிலிருந்து தொங்கும் கயிறு
ஒருமுறை மணி அடித்தது. அப்புறம் இன்னொருமுறை.
தெரிகிறது, ராக்கம்மா.
நான் பிடுங்கவில்லை.
பதினாறு வருடத்தில் அவ்வளவு நேரம்
அது சுற்றி நான் பார்த்ததில்லை.

மை காய்ந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத்
தெருவைக் கடந்து கயிற்றின் கிளிப்பில் மாட்டினேன்.
மேலே இழுத்தாள். முதல் மாடி,
துணி காயும் இரண்டாம் மாடி.
மூன்றாவதில் படம் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தது.
அப்போது, கால் மணி முன்னதாகவே,
தெரு முழுக்க விளக்கு.
மீ லாபீ! மீ லாபீ!
ஒவ்வொரு பால்கனியிலும் பிள்ளைகள் கைதட்டிக் கூவ,
கயிறு நின்றது.

பிறகு ஏறியது.