இரண்டு மதிப்பெண்

1415: செயுத்தா கைப்பற்றப்பட்டது.
அஞ்சல்வழிப் பாடநூலில் அவ்வளவுதான்.
இரண்டு மதிப்பெண் கேள்வி.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடலாம்.

எனக்கு அந்தப் 'பட்டது' உறுத்தியது.
பட்டது யார்?

மண்ணடியில், மூர் தெருவுக்குப் பின்னால்,
மிளகுக் கிடங்கில் மூட்டை எண்ணுகிறவள் நான்.
லாரி வராத மத்தியானங்களில்
மொபைலில் தேடித் தேடிப் படித்தேன்.
அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் ஊரைச்
சப்தா என்றார்கள்.
நம் சப்தத்தில்
கடைசி 'ம்' மட்டும் இல்லை.

ஆகஸ்ட் இருபத்தொன்று.
கப்பல்களிலிருந்து காலையில் இறங்கியவர்கள்
பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார்கள்.
ஒரு கண்டெய்னரை கஸ்டம்ஸிலிருந்து எடுக்க
எங்களுக்கு நாலு நாள் ஆகிறது.

குறுகலான சந்துகளாம்.
அங்கப்ப நாயக்கன் தெரு என்று வைத்துக்கொண்டேன்,
இல்லாவிட்டால் எனக்குப் பிடிபடாது.
அதே படிகள், அதே சாக்கடை மூடிகள்,
படிகளில் வெட்டுப்பட்டுக் கிடப்பவர்கள்,
உள்ளிருந்து தாழ்ப்பாளை விடாத விரல்கள்.
ஓட முடிந்தவர்கள் மலைப்பக்கம் ஓடி
இரவில் மதிலுக்கு வெளியே வந்து நின்று
பெயர் பெயராகக் கூப்பிட்டிருப்பார்கள்.

பிறகு தங்கம் தேடி மூட்டைகளைக் கிழித்தார்கள்.
மிளகு.
அடுத்ததையும் கிழித்தார்கள். பட்டை.
தெருவெல்லாம் கொட்டி, மிதித்து,
மறுநாள் வெயில் ஏற ஏற
ஊரே மணத்தது என்று எழுதிவைத்திருக்கிறான்,
ஜெயித்த பக்கத்து ஆள்.
நான் படித்த பக்கங்களில் வேறு வாடை வரவில்லை.
பெரிய பள்ளிவாசலை
உப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவித்
தங்கள் கோயிலாக்கிக்கொண்டார்கள்.

அந்த மிளகு நம் பக்கத்து மலைகளில்
காய்த்ததாகவும் இருக்கலாம்.
என்னிடம் பில் இல்லை.

அன்றிரவு காசிமேட்டில், எங்கள் மொட்டைமாடியிலிருந்து
துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல் விளக்குகளை
முதன்முறையாக எண்ணினேன்.
பதினேழு.
துணியை எடுக்காமலே கீழே இறங்கி
கதவைச் சாத்தினேன்.

புதன்கிழமை தேசப்பனின் கொக்கி வழுக்கி
ஒரு மூட்டை வாய்பிளந்தது.
கிடங்கே தும்மியது.
முதலாளி கத்துவதற்கு முன்பே
துடைப்பமும் முறமுமாக வந்துவிட்டாள் பாஞ்சாலை.
பலகை இடுக்கு, தராசுக்கு அடி,
தேசப்பனின் செருப்புப் பள்ளம்வரை
ஒரு மணி விடாமல் அவள் பொறுக்க,
பக்கத்தில் குந்தி நான் கதை சொன்னேன்.

கப்பல்ல வந்து எறங்குனாங்க.
ம்.
ஒரே நாளு. வூடு வூடா பூந்து வெட்டுனாங்க.
ம்.
தங்கம் கீதான்னு மூட்டைய எல்லாம் கிழிச்சி
ரோட்ல கொட்டிட்டாங்க.

முறம் நின்றது.
"அம்மாம் மொளகையும் யார்மா வார்னது?"

புத்தகத்தில் இல்லை என்றேன்.
வாருகிறவர்கள்தான்
படிகளில் கிடந்தார்களே என்பதை
அவள் முறத்துக்கு முன்னால் சொல்ல வரவில்லை.
அவள் 'ம்' போடவில்லை.
கால் விரலிடுக்கில் மாட்டியிருந்த ஒரு மிளகை
நகத்தால் நெம்பி எடுத்து
ஊதி
மூட்டைக்குள் போட்டாள்.
சிந்தியதில் குறைந்தது நானூறு கிராம்.
தேசப்பன் கணக்கில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது.
கைப்பற்றப்பட்டது என்றுதான் எழுதினேன்.
ட்-டின் தலையில் புள்ளி வைத்த பேனா
எழும்பாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.
மை ஊறி,
மிளகு அளவுக்கு.