ஏழாம் பியூஸ்

காப்புறுதிக் கடிதம் ஒரு பக்கம்தான்.
அறுபது அம்பியர், பியூஸ் பெட்டி, நூறு வயது வயர்.
முப்பது நாளுக்குள் மாற்றாவிட்டால்
எரிந்தாலும் உன் பாடு, நிரோஜினி.
கடைசி வரி மட்டும் என் மொழிபெயர்ப்பு.

ரொறன்ரோவில், ஜெராட் தெருவுக்கு வடக்கே
ஒட்டிப் பிறந்த இரட்டை வீடுகளில் ஒன்று.
நடுச்சுவர் இரண்டுக்கும் பொது.
நிலக்கீழறைக்குத் தலை குனிந்துதான் இறங்கவேண்டும்.

பெட்டிக் கதவின் உட்புறத்தில்
மூன்று பேரின் பென்சில்.
ஒருவர் இத்தாலியனில் சமையலறை என்கிறார்.
அதை வெட்டி இன்னொருவர்: தையல் மெஷின்.
அதற்கும் மேல், அழுத்தி: வாடகைக்காரர், மாடி.
ஏழுக்கு எதிரே
யாரும் எழுதவுமில்லை, அழிக்கவுமில்லை.

ஐந்தாம் பியூஸைத் திருகிக் கழற்றினேன்.
பின்னால் ஒரு செப்புச் சதம்,
ஐம்பத்தேழாம் ஆண்டு, மேப்பிள் இலை மங்கவில்லை.
கடை பூட்டிய ஏதோ ஓர் இரவில்
ஒரு சதத்துக்கு வெளிச்சம் வாங்கி
வீட்டையே பணயம் வைத்திருக்கிறார் எவரோ.
வீடு எரியவில்லை.
அதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்றும் தெரியவில்லை.

"இதை நான் வைச்சிருக்கலாமோ?"
"வைச்சிரு. பெட்டிக்குள்ள மட்டும் வையாதை."

பிறகு ஏழு.
கவ்வி மீற்றரில் அரை அம்பியர் ஓடுகிறது.
எங்கே?
நிரோஜினி மாடிக்கும் கீழுக்கும் ஓடி
சுவிச் சுவிச்சாய்த் தட்டினாள்.
கழற்றினேன்.
ஒரு விளக்கும் அணையவில்லை.
குளிர்பெட்டி தன் பாட்டில் முனகிக்கொண்டிருந்தது.
"பேயோ?" என்றாள்.
"பேய் கரண்ட் குடிக்காது."

நாலு நிமிடத்தில் அழைப்பு மணி.
பக்கத்து வீட்டு மிஸ்டர் லாம்,
முழங்கை வரை ஈரம்,
பனியில் ஒரு காலில் மட்டும் செருப்பு.
"என் மீன்களுக்குக் காற்று நின்றுவிட்டது."

அவர் நிலக்கீழறையில், தொட்டிக்குப் பின்னால்,
நடுச்சுவரைத் துளைத்து வந்த வயர்
இரண்டு பீங்கான் குமிழ்களைத் தாண்டி
ஒரு பழுப்பு பிளக்கில் முடிந்தது.
தொண்ணூற்றொன்றில் வீடு வாங்கினாராம்.
பிளக் இருந்தது, செருகினேன் என்றார்.
அதற்கு முன்?
இரு வீட்டிலும் அண்ணன் தம்பி இருந்தார்களோ,
சீட்டாட்டத்தில் தோற்ற கடனோ,
சுத்தமான களவோ.
வயர் போன இடத்தைத்தான் காட்டும்,
போன காரணத்தை அல்ல.

லாம் கல்குலேட்டரோடு வந்தார்.
முப்பதுக்கு மேற்பட்ட வருடங்கள், அரை அம்பியர், இரவும் பகலும்.
நிரோஜினி பார்க்க மறுத்தாள்.
"என்ரை கணக்கு பதினொரு மாசம்தான்,
மிச்சத்தை இத்தாலிக்காரரிட்டைக் குடுங்கோ."
அவர் சிரிக்கவில்லை.
கணக்கை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

இரண்டு வீட்டுக்கு ஒரு வயர் கூடாது.
சட்டத்தில் இந்த இடம் மட்டும் மிகத் தெளிவு.
வெட்டினேன்.

மறுநாள் எட்டு மணிக்குக்
கம்பத்தில் ஏறியவன் இணைப்பைக் கழற்றினான்.
வெளியே கழித்தல் பதினாலு.
மத்தியானம் அவள் பேச்சு
வாயருகே புகையாய்த் தெரிந்தது.
கையுறையோடு நான் முறுக்கிய ஆணிகள்
ஒவ்வொன்றும் இரண்டு தரம் விழுந்தன.

அப்போதுதான் முன்வாசல் கம்பிகளுக்கிடையே
செம்மஞ்சள் வயர் ஒன்று ஊர்ந்து வந்தது,
லாம் வீட்டுப் பக்கமிருந்து.
ஒரு நுனியில் சின்ன ஹீற்றர் இருந்தது.
விளக்கம் எதுவும் இல்லை.
"ஹீற்றர் ஓடேக்கை கேத்தில் போடாதை!"
கீழிருந்து கத்தினேன்.
போட்டாள்.
அவர் வீட்டில் ஏதோ டப்பென்றது.

மாலை, இருநூறு அம்பியர், நாற்பது இடங்கள்.
அட்டையில் அவளே எழுதினாள்:
அடுப்பு. உலர்த்தி. மாடி. வருங்காலக் கார்.
ஏழாம் இடத்தை மூடிதான் மறைத்திருந்தது.
அதற்கெதிரே பென்சிலால்,
தமிழில்: மீன்.

பரிசோதகர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"இது என்ன மொழி? என்ன பொருள்?"

"உபரி" என்றேன்.
அவர் பச்சை வில்லையை ஒட்டினார்.