குழந்தைகள், இருவர் வரை

ஜூலை கடைசி. காசிமேட்டில் மின்சாரம் போய் அரை மணி.
செல்போனில் இணையம் கடன் வாங்கி
மடிக்கணினி மூச்சு விடுகிறது. மின்கலம் முப்பத்தொன்று.
வருமான வரித் தளத்தின் வட்டம்
சுற்றுகிறது, நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது.

போன வருஷம் பதினோரு தொடருக்குத்
தமிழில் வசன வரி எழுதினேன்.
கொரிய அழுகை, துருக்கிக் கோபம்,
யார் எவ்வளவு கத்தினாலும்
ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்துதான்.
புள்ளியும் இடைவெளியும் அதில் அடக்கம்.

வரி எழுதிய காசுக்கு வரி.
வடபழனிக்காரர்கள் நூற்றுக்குப் பத்து
பிடித்துக்கொண்டுதான் அனுப்பினார்கள்.
எனக்கு மறந்துபோனது.
அரசாங்கத்துக்கு ஞாபகம் இருக்கிறது:
டெல்ஃபின் மேரி அ., பத்தாயிரத்து எழுநூற்று நாற்பது.
அந்த 'அ' அப்பா.
பான் அட்டையில் மட்டும்
இன்னும் அழுத்தமாக இருக்கிறார்.

நிசாவைக் கூப்பிட்டேன்.
மண்ணடி ஆடிட்டரிடம் மூன்றாம் வருஷம் பயிற்சி அவளுக்கு.
இந்த வாரம் எட்டு மணிக்கு மேல்தான் சாப்பாடு,
வாயில் பரோட்டாவோடு பேசினாள்.

"காலேஜ் ஃபீஸைச் செலவில் போடலாமா?"
"லேப்டாப் போடு. ஹெட்போன் போடு.
வசனம் எழுத எதுக்குடி புள்ளியியல்?"

"கல்விக் கட்டணம்னு ஒரு கட்டம் இருக்கே?"
"பழைய முறைல இருக்கு. குழந்தைகள், இருவர் வரை.
உனக்கு இருக்கா?"
"நான்தான் குழந்தை."
"அப்போ உங்கப்பா எழுதணும்."
"அவர் கட்டலையே."
"கட்டாதவர் எழுத முடியாது.
கட்டினவ நீ, ஆனா உனக்கு நீ பிள்ளை இல்லை."

பாலிடெக்னிக்கில் ரீகனுக்கு இரண்டு பருவம் கட்டியிருக்கிறேன்.
"தம்பியும் பிள்ளை இல்லை" என்றாள்,
கேட்பதற்கு முன்பே.

பிறகு ஏதோ இரக்கத்தில்:
"உன் பேர்ல கல்விக் கடன் இருக்குல்ல,
அதோட வட்டி எழுதலாம். ஆனா வேண்டாம்.
பழைய முறைக்குத் தனிப் படிவம், தனித் தலைவலி.
நீ எதுவும் எழுதாட்டியும் உனக்கு வரி பூஜ்யம்.
பிடிச்சது முழுசாத் திரும்ப வரும். சும்மா சமர்ப்பி."

ரூபாய்க் கணக்கு சரி.
பதினெட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வட்டி
எழுதினாலும் பூஜ்யம், விட்டாலும் பூஜ்யம்.
புள்ளியியல் படிப்பவளுக்கு இது புரியாமலில்லை.
ஆனாலும் விரல்
அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது.

ஒரு தொடரில் நாயகி
வாய் திறந்து ஒன்றும் சொல்லாமல் மூடுவாள்.
அங்கே வரி போடக்கூடாது என்பது விதி.
நான் போட்டேன். திருத்துநர் எடுத்துவிட்டார்.

மின்சாரம் வந்தது. எதிர் வீட்டு மோட்டார் இரைகிறது,
தெருவே குடத்தோடு ஓடுகிறது.
ரீகனை எழுப்பிக் குழாயடிக்கு அனுப்பிவிட்டு
நிசா சொன்னபடியே கொடுத்தேன்.
ஆறு இலக்கம் வந்தது, ஆறு இலக்கம் போட்டேன்,
நன்றி என்றது பச்சை நிறத்தில்.

பிறகு பாதியில் நிற்கும் துருக்கித் தொடரைத் திறந்து
யாரும் பேசாத ஓர் இடத்தில் எழுதிப் பார்த்தேன்:

என் படிப்புக்கு நானே கட்டினேன். தம்பிக்கும்.

புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்த்து இருபத்தேழு.
இன்னும் பதினொன்று மிச்சம்.