ஸ்டான்ட்பை

இரவு பத்தே முக்கால்.
கடைசி ரயில் வெள்ளவத்தையைக் குலுக்கிவிட்டுப் போனபிறகு
கப்டன் ஹல்பேக்குக் கோல் எடுக்கிறேன்.
நாளை அவருக்கு லீவு. மகளுக்குப் பிறந்தநாள்.
"வேறு ஒருத்தரும் இல்லையா?" சிங்களத்தில் கேட்கிறார்.
"இல்லை சேர்."
பின்னால் யாரோ பலூன் ஊதுகிற சத்தம்.

போன மாதம் ரோஸ்டரிலிருந்து நாலு பெயர் அழித்தேன்.
ஒருவர் ரியாத். இருவர் ஹனோய்.
மிஹ்ராஜ் எங்கேயென்று சொல்லவில்லை;
டொலர் என்றான், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றான்,
எங்கள் அறைக்கு ஒரு பெட்டி வட்டிலப்பம் தந்துவிட்டுப் போனான்.
உலகம் முழுக்க விமானிகளுக்குத் தட்டுப்பாடாம்.
எங்களிடம் மட்டும் கொட்டியா கிடந்தது?
கோபம் வரவில்லை. வட்டிலப்பம் நன்றாயிருந்தது.

விமானிகளை ஏற்றி இறக்குகிற யசீதரனிடம்
இரண்டு வானுக்கும் லைசன்ஸ் இருக்கிறது.
ரத்மலானையில் இருநூற்றுப் பதினாலு மணித்தியாலம் பறந்தவன்.
அதற்காக அம்மாவின் தெஹிவளைக் காணி ஈட்டில் போனது.
ஆயிரத்தைந்நூறு கேட்கிறார்கள்,
ரியாத்திலும், ஹனோயிலும், இங்கேயும்.
"பறக்க விட்டால்தானே அக்கா மணித்தியாலம் ஏறும்" என்பான்,
காலி வீதிச் சிக்னலில் கியர் மாற்றியபடி.
நான் ரோஸ்டர் போடுகிறவள்.
மணித்தியாலம் போடுகிறவள் இல்லை.

ஹல்பே கடைசியில் சரி என்கிறார்.
கேக்கை இப்போதே வெட்டுவார்களாம், பிள்ளையை எழுப்பி.

யசீதரனுக்குச் செய்தி அனுப்புகிறேன்:
மூன்று பத்து. பம்பலப்பிட்டி.
கப்டன் நித்திரை கொள்ளவில்லை, குலுக்காமல் ஓட்டு.
உடனே பதில் வருகிறது.
ரொஜர்.