சிறு திருத்தம்

ஹித் கிடங்கில் கணக்கு முடித்து
குதைபியா வந்து சேர மணி பதினொன்று.
குளித்துவிட்டு, தயிர்ச்சோற்றுத் தட்டை மடியில் வைத்து
இடது கையால் கட்டுரையைத் திறக்கிறேன்.
"லிஃப்ட் நிற்காத மாடி", தமிழ் பாப் பாடல்.
பாடியவர் ஃபாயிஸா, இசை ஜெபஸ்டின்,
நீளம் மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.
ஐம்பத்தொன்று. முதலில் அதை மாற்றினேன்.

"இளைஞர்களின் நெஞ்சை அள்ளிய". நீக்கினேன்.
"வளைகுடாவே முணுமுணுத்த". யார் போய் எண்ணினார்கள்?
"தேன்குரல்" என்றிருந்ததைக் "குரல்" ஆக்கினேன்.
ஃபாயிஸா கேட்டால் சிரிப்பாள்.
அன்றைக்கு அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது,
ஃபிளாஸ்க்கில் மிளகுப் பாலோடு வந்தாள்.
அதை எந்தத் துணைத்தலைப்பின் கீழ் எழுதுவது?

தலைப்பு தனிமையின் குறியீடு என்கிறது கட்டுரை.
நான்காம் மாடிப் பொத்தான் உடைந்திருந்தது, அவ்வளவுதான்.
குறியீட்டுக்குச் சான்று இருக்கிறது.
பொத்தானுக்கு இல்லை.

ஈப்போவிலிருந்து தவனேஸ்வரன் குறிப்பு அனுப்பியிருக்கிறார்:
நடை பரவாயில்லை, ஏழாம் மேற்கோள் செத்துக்கிடக்கிறது,
இசையமைப்புப் பகுதியை ஒருமுறை பாருங்கள்.

பார்க்கிறேன்.
"இப்பாடலில் வரும் கைத்தட்டல் ஒலி
முழுக்கக் கணினியில் உருவாக்கப்பட்டது."
மேற்கோள் நான்கு: ஜெபஸ்டினின் நேர்காணல்,
அவனே சொன்னது, வார இதழ், பக்கம் முப்பத்தாறு.

ஆகஸ்ட் மாதம். ஏசியை அணைத்திருந்தோம்,
அதன் இரைச்சல் மைக்கில் ஏறுகிறதென்று.
ஜன்னலுக்குக் கம்பளி, கதவிடுக்கில் ஈரத்துண்டு.
கட்டில்மேல் மூன்று பேர் முட்டிபோட்டு
நாற்பது தடவையாவது தட்டியிருப்போம்.
வியர்த்த கையில் ஓசை எழும்பாது,
மீனைத் தரையில் போட்டதுபோல் சொத்தென்று கேட்கும்.
பவுடர் தீர்ந்துபோய்
கோதுமை மாவைக் கொட்டினான் எங்கள் உள்ளங்கையில்.

இரண்டாம் நிமிடம் பதினான்காம் நொடியில்
ஒரு தட்டு பிந்தி விழும்.
அது பரோட்டா பார்சலோடு வந்த கமாலுத்தீன்.
வாசலில் நின்றவர் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
தானாக ஒன்று தட்டினார்.
எல்லாரும் திரும்பிப் பார்த்ததில்
அடுத்ததைத் தட்டவில்லை.
ஒன்பதாம் மேற்கோளில் ஒரு விமர்சகர் அதைத்
"திட்டமிட்ட தாள முறிவு" என்கிறார்.
கமாலுத்தீன் பிறகு தம்மாமுக்குப் போனார், எண் மாறிவிட்டது.
அன்றைய பரோட்டாவுக்குக் காசு கொடுத்தோமா என்பதும் நினைவில்லை.

ஜெபஸ்டின் ஏன் அப்படிச் சொன்னான்?
இரவல் கட்டில், மாவு அப்பிய கைகள்,
பத்திரிகைக்காரரிடம் சொல்ல வெட்கமாக இருந்திருக்கலாம்.
மறந்தும் போயிருக்கலாம்.
இரண்டாவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

"மூவரும், வந்த ஒருவரும் கையால் தட்டியது"
என்று எழுதிப் பார்த்தேன்.
சான்று?
என் இரண்டு கைகள்.
பதிப்பகம்? பக்க எண்?
புதிதாக எழுத வருகிறவர்களுக்கு
நானே எத்தனை முறை விளக்கியிருக்கிறேன்:
உண்மையா என்பதல்ல கேள்வி,
இன்னொருவர் போய்ச் சரிபார்க்க முடியுமா என்பது.
அழித்தேன்.

மறுபடி அந்த வரி.
கைத்தட்டல்.
கையைத் தட்டல், இரண்டாம் வேற்றுமைத் தொகை,
வலி மிகாது.
நடுவிலிருந்த ஒற்றை எடுத்தேன்.

திருத்த வரலாற்றில் ஏறிவிட்டது:
இரவு 1.52, ஆறு பைட் குறைவு.
சுருக்கம்: ஒற்றுப்பிழை.
ஈப்போவில் விடிந்திருக்க வேண்டும்,
உடனே நன்றி வந்தது.

தட்டைக் கழுவ எழுகிறேன்.
வலது கையில் தயிர்ச்சோறு காய்ந்து
வெள்ளையாகப் பிடித்திருக்கிறது.