திரும்பிப் பார்த்ததற்கு

பாண்டி என்று கூப்பிட்டால்
ஆரப்பாளையத்தில் ஆறு பேர் திரும்புவார்கள்.
அன்றைக்கு டீக்கடையில் நாலு பேர் நின்றோம்.
மற்ற மூணு பேருக்கும் வேறு பேர்.

"எலே பாண்டி."
கிளாசோடு திரும்பினேன்.
விழுந்த பிறகுதான் ஒருத்தன் சொன்னான்:
"டேய், இவன் இல்லடா."
எஃப்.ஐ.ஆரில் அதை எழுதிக்கொண்டார்கள்,
"டேய்" மட்டும் விட்டுப்போயிற்று.

பெரியாஸ்பத்திரியில் பதினெட்டு நாள்.
நரம்பு போய்விட்டது, வலதுகை விரல் மடங்காது என்றார்கள்.
"மாவு பிசையலாமா டாக்டர்?" என்று கேட்டாள் அழகுமீனா.
அவர் கேஸ் ஷீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷம் புரோட்டா மாஸ்டர் நான்.
வீசுகிற மாவுக்கு அந்தப் பக்கம்
நிற்கிற ஆளின் சட்டைக் கட்டம் தெரியவேண்டும்.
தெரிகிற வரைக்கும் வீசணும்.
வேறு கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் ராத்திரி ஒருத்தன் வந்தான்.
வார்டு வாசலில், கோயில் மாதிரி,
செருப்பைக் கழற்றிப் போட்டான்.
என் வயசுதான் இருக்கும். கட்டில் பக்கம் வரவில்லை.
யாருப்பா நீ, பேரென்ன என்றாள் மீனா.
அவன் சொல்லவில்லை.
சொல்லாததிலேயே தெரிந்துவிட்டது.
ஜன்னல் திட்டில் ஆயிரத்து நானூறு ரூபாய்,
பறக்காமலிருக்க அதன்மேல் என் மருந்து பாட்டில்.
போய்விட்டான்.

சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று
போர்டு மாட்டிய அறையில்
வக்கீல் ஜெயசீலி ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.
"இது பிச்சை இல்லண்ணே.
வெட்டினவன் அகப்பட்டாலும் அகப்படாட்டாலும்
கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு."
உரிமை.
ரேஷன் கடையில், வாடகை வீட்டில்,
யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை.
எதற்கும் இருக்கட்டும் என்று தலையாட்டினேன்.

மாத வருமானத்துக்குச் சான்று கேட்டது விண்ணப்பம்.
முதலாளி சால்னாக் கறை பட்ட பில்லின் முதுகில் எழுதினார்:
பாண்டி என்பவர் நன்றாக வீசுவார்.
நாள் கூலி தொள்ளாயிரம்.
ஜெயசீலி சிரிக்கவில்லை.
அதற்கும் நகலெடுத்து, வரிசை எண் போட்டு, கோத்தார்.

இன்னொரு கட்டம்:
இதற்குமுன் வேறு நிதியுதவி பெற்றீர்களா?
இடதுகையில் பேனா. ரொம்ப நேரம் நின்றது அங்கேயே.
"அரசாங்கத்துகிட்ட வாங்கினதைத்தான் கேக்குறாங்க."
இல்லை என்று எழுதினேன்.
என் இடதுகை கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது.
லை-யின் கொம்பு மட்டும் கோட்டைத் தாண்டி ஓடியது.

ஏழு மாசம் கழித்துப் பணம் வந்தது.
பாதியை வைப்புநிதியில் போட்டிருந்தார்கள்.
மீதியை எடுக்கப் போனால்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்
சீட்டைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள்,
"கையெழுத்து ஒத்துவரலையே" என்றாள்.
கணக்கு தொடங்கியவன் வலதுகைக்காரன்.
இவன் இல்லடா.
இரண்டாந்தடவை.

மீனா கோர்ட்டு ஆர்டரை வெளியே எடுத்தாள்,
பிறகு என் கையை,
துண்டை விலக்கி,
கவுண்டர் மேல் தூக்கி வைத்தாள்.
அப்புறம்தான் மேனேஜர் எழுந்து வந்தார்.

மருந்துக் கடன் தீர்ந்தது. சின்னவள் ஸ்கூல் ஃபீஸ்.
ஒரு கிரைண்டர், தவணை இல்லாமல்.
மீனா மாவு விற்கிறாள்.
நான் எடை போடுகிறேன்.

வழக்கு இன்னும் நடக்கிறது.
ஜில்லா கோர்ட்டு வராந்தாவில் டவாலி கூப்பிட்டார்:
"பாண்டி... பாண்டி..."
மூணு தலை திரும்பியது. என் கழுத்து திரும்பவில்லை,
ஒன்றரை வருஷமாக அதற்கு அந்தப் பேர் ஆகாது.
"சின்னக்காளை மகன் பாண்டி!"
அப்பா பேர் கேட்டதும் எழுந்தேன்.

எதிரிகளோடு முன்விரோதம் உண்டா?
இல்லைங்க.
பின்னே எதற்கு வெட்டினார்கள்?
திரும்பிப் பார்த்ததற்குங்க.

முதலில் பேரைச் சொல்லுங்கள்,
எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, என்றார் நீதிபதி.
சொன்னேன்.
கடைசி பெஞ்சில் ஒருத்தன்
தலையைக் குனிந்துகொண்டான்.