படியில் நிற்காதே

எல் ஆல்ட்டோவில் கடல் கிடையாது.
நாட்டிலேயே கிடையாது.
கடற்படை மட்டும் உண்டு.
ஏரியில் கட்டியிருக்கும் அதன் படகுகளை
ஆறாம் வகுப்பில் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.
நான் வாந்தி எடுத்தேன்,
படகில் அல்ல, போகிற வழியில், பேருந்தில்.

இரவு ஒன்பதுக்கு
மினிபஸ் கதவில் தொங்கி
'செஹா, செஹா, பெரெஸ்' என்று கூவிக் கட்டிய தொண்டையோடு
தோன் எலியோதோரோவின் கணினிக் கடைக்குள் நுழைவேன்.
மணிக்கு இரண்டரை பொலிவியானோ.
ஏழாம் இருக்கை. அதன் மவுஸ் இன்னும் சாகவில்லை.

திரை விரிந்தால் உலகம் முழுகிக் கிடக்கும்.
ஏன் முழுகியது என்று விளையாட்டு சொல்வதில்லை.
எழுதியவனுக்குக் கணக்கு வராது போல,
நான்காயிரம் மீட்டர் உயரத்துக்குத்
தண்ணீர் எங்கிருந்து வந்தது?
வந்துவிட்டது. எங்கள் தெருமுனையில் அலை அடிக்கிறது.
கொண்டுவந்தவனிடம் ரசீது கேட்பேனா?

கேபிள் கார் கம்பங்களில் ரேடார்.
வியாழச் சந்தை கூடும் இடத்தில் கப்பல் பட்டறை.
அடியில் கிடக்கும் நகரங்களைப் பிய்த்து
ஆறு படகுகள் இரும்பு இழுத்து வரும்.
ஒன்றை அழுத்தினால் டார்பீடோப் படகுகள்,
இரண்டை அழுத்தினால் வேவுக்காரர்கள்,
மூன்றில் ஒரே ஒரு பீரங்கிக் கப்பல்.
அதற்கு என் வீட்டுக்காரம்மா பெயர், தோன்யா பாசிலியா.
வாடகைத் தேதி போலவே
தவணை தராமல் சுடும்.

இது முறை வைத்து ஆடும் ஆட்டமில்லை.
நான் யோசிக்கும் நேரத்திலும் எதிரியின் உலை கொதிக்கும்.
மூக்கைச் சிந்தினால் ஒரு படகு போச்சு.

நேற்று எதிரில் வந்தவன் பெயர்
கமன்சாக்கா 79.
சிலேயின் கரையில் விடியலில் ஏறும் பனிக்கு அந்தப் பெயர்.
எழுபத்தொன்பது, எங்கள் கடல் போன போர் தொடங்கிய வருடத்தின் வால்.
பெயருக்கேற்ப மூடுபனிக்குள்ளிருந்துதான் வந்தான்.
ஒன்பது கப்பல்.
என் இரும்புப் படகுகள் இரண்டு
கத்தக்கூட நேரமில்லாமல் உடைந்தன.

பனி விலகிய ஒரு நொடியில்
அவனுடைய எண்ணெய்க் கப்பலைப் பார்த்துவிட்டேன்.
தோன்யா பாசிலியாவுக்கு அது போதும்.

அப்புறம் சத்தமே இல்லை.
ஒன்பது கப்பலும் என் பீரங்கிக்கு முன்னால்
மூக்கு ஒருபக்கம் வால் ஒருபக்கமாக மிதந்தன.
எழுத்து வந்தது:
'எண்ணெய் இல்லை. சுடு.'
எங்கிருந்து ஆடுகிறாய் என்றேன்.
'இகிகே. இந்த வரைபடத்தில் முதல் நிமிடமே தண்ணீருக்கு அடியில்.
நீ?'
எல் ஆல்ட்டோ.
கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை.
'அப்படியா. கரை உன்னுடையது.'

நாற்காலிக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது.
சுடு நில்டா, சுடு, என்கிறான் பிளாடிமிர்,
பாப்கார்ன் வாயோடு.
வருடா வருடம் மார்ச்சில்
காகிதக் கப்பலைத் தலையில் ஒட்டி
கடல் வேண்டும் கடல் வேண்டும் என்று
நடந்த கால்கள் எல்லாம் அங்கே நின்றன.
கடை கடிகாரத்தில் என் காசுக்கு நான்கு நிமிடம் மிச்சம்.

சுட விரல் வைத்தேன்.
விரல் என்னுடையதுதான், வாய் பழக்கத்தில் போய்விட்டது.
தட்டினேன்:
கப்பலுக்கு இருநூறு இரும்பு.
சில்லறையாகக் கொடு.
உள்ளே போ, உள்ளே போ, நடுவில் இடம் இருக்கு.

பிளாடிமிர் தூ என்றான்.
அவன் முதல் கப்பலுக்குக் கட்டினான்.
கயிறு போட்டு இழுத்துவந்தேன்.
இரண்டு. மூன்று. பட்டறை வாசல் நெரிந்தது.
ஐந்தாவதை இழுக்கும்போது கேட்டான்,
'மாணவர் சலுகை உண்டா?'
இல்லை என்றேன்.
எழுபத்தொன்பது என்ன கணக்கு என்றேன்.
'வீட்டு எண்.'
நம்பவில்லை. கட்டணம் சரியாக இருந்தது, எண்ணி வாங்கினேன்.

எட்டாவது உள்ளே வந்ததும் திரை இருண்டது.
நேரம் முடிந்தது, தோன் எலியோதோரோவிடம் காசு செலுத்தவும்.
பையைத் துழாவினேன்.
ஒன்று, ஐம்பது காசு, ஒரு பொத்தான்.

வாசலில் குளிர் பல்லில் ஏறியது.
விளையாட்டு என்னைக் கேட்டு நிற்காது.
ஒன்பதாவது அங்கே படியிலேயே நிற்கிறது,
காசைக் கையில் பிடித்துக்கொண்டு,
கதவைப் பிடிக்க ஆளில்லாமல்.